எரியாத பிளாஸ்டிக் செய்தவர்

என் மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, ஆய்வுக்கூடத்தில் ஜீரோ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் இல்லை. பிளாஸ்டிக்கைத் தீயில் காட்டிச் சோதிக்கும்போது கிடைக்கிற உயர்ந்த தரத்துக்கு அந்தத் தொழிலில் வி-ஜீரோ என்பார்கள். பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் நெருப்பைக் காட்டி எடுத்தால் அது தானாக அணைய வேண்டும்; கீழே வைத்த பஞ்சில் எரிகிற சொட்டு விழக்கூடாது. உலகத்தில் இதைத் தவிர வேறு எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல் பேசுவார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து ஸ்விட்ச் போர்டு மூடியின் ஓரத்தைப் பொசுக்கிப் பார்த்தார். "இதெல்லாம் குப்பை மாமா. உயிரோட விளையாடுறாங்க" என்று அப்பாவிடம் வாய் கிழியப் பேசினார். புது மூடி வாங்கி மாட்டியது அப்பாதான். அதற்குப் பிறகு அவர் வருகிறார் என்றாலே அம்மா பிளாஸ்டிக் சாமான்களை எடுத்து ஒளித்துவைப்பாள்.

அவர் வேலை பார்க்கிற பிளாஸ்டிக் கம்பெனியிலேயே எனக்கும் கொள்முதல் பிரிவில் வேலை. அவர் கேட்கிற சரக்கை வாங்கித் தர வேண்டும். அவருடைய பிரசங்கத்தைக் கேட்பது சம்பளமில்லாத கூடுதல் வேலை. கடைசியாக அவர் கட்டிக்கொண்டு அழுதது, வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் மிஷினுக்கான மூடி. செல்போன் அலைகள் உள்ளே புகுந்து மிஷினைக் குழப்பக்கூடாது; அதற்குப் பிளாஸ்டிக்கில் கார்பன் இழை கலக்க வேண்டும். அந்த இழையோ மெழுகுவத்தித் திரி மாதிரி, தீப்பிடித்தால் உருகுகிற பிளாஸ்டிக்கை இழுத்து இழுத்து எரியவிடும். தீயை அடக்கப் பாஸ்பரஸ் தூளை அள்ளிப் போட்டால் கலக்கும்போதே இழை நொறுங்கி, அலை தாராளமாக உள்ளே போகும். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்கள். ஒருத்தியைச் சமாதானப்படுத்தினால் இன்னொருத்தி முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

வருஷக்கணக்கில் இதே இழுபறி. மிஷின் செய்கிறவர்கள் பொறுமையிழந்து வேறு இடம் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. உடனே, என்ன மாயமோ, பட்டை அணைந்துவிட்டது. வி-ஜீரோ! எங்கள் மேனேஜர் கேக் வெட்டினார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்தவர் நேர்மை, பொறுப்பு, மனித உயிர் என்று அளந்துகொண்டே போனார். கேக்கைத் தின்றுகொண்டு நானும் கை தட்டினேன்.

என் அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப் பல காலம் ஆகிறது. கட்டிலை ஒட்டி ஒரு பழைய ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டே இருக்கும். மூக்கில் குழாய் இல்லாமல் அவளால் சமையலறை வரைகூடப் போக முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் அவளைப் பார்க்க வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் மூடி போட்ட மிஷின் அடுத்த வாரம் கடைக்கு வருது. முதல் மிஷின் உங்களுக்குத்தான். எங்க அன்பளிப்பு" என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகம் செத்துப்போனது.

"வேணாம் சார். பழசே நல்லா ஓடுது. அவளுக்கு இந்தச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்று என்னென்னவோ உளறினார். மேனேஜர் குழம்பிப்போய் விடைபெற்றார்.

கதவு சாத்தியதும் அக்கா கேட்டாள். "ஏங்க வேணாம்னீங்க?"

மென்று விழுங்கினார். "நான் சோதிச்ச பட்டை மூணு மில்லிமீட்டர். மூடி அதுல பாதிதான் இருக்கும்."

"அதனால?"

"தடிப்பா இருந்தா அணையும்."

"மெலிசா இருந்தா?"

"சோதிச்ச தடிமன் என்னன்னு மிஷின் கம்பெனிக்காரங்க கேக்கவே இல்ல" என்றார். ஸ்விட்ச் மூடிக்குக் குதித்த மனுஷன் சொல்கிறார் இதை! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆக்சிஜன் மிஷின்ங்க அது."

"எல்லா மிஷினுமா தீப்பிடிக்கப் போகுது? நூத்துல ஒண்ணு..."

"அப்போ இங்க வந்தா என்ன?" என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு இரைத்தது. "மத்தவங்க வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா? இப்பவே மேனேஜருக்கு ஃபோன் போடுங்க. இல்லைன்னா அந்த மிஷின் இங்க வரட்டும். அதுலதான் நான் மூச்சு விடுவேன். நீங்க பக்கத்துல படுத்துக்குங்க."

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீயாவது சொல்லேன்."

"என்னத்த சொல்ல? நம்பர் வேணும்னா சொல்றேன்" என்றேன்.

வேறு வழியில்லாமல் ஃபோன் போட்டார். மணி அடித்ததும் ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டார். அக்கா அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அழுத்தி, அவர் வாயருகே பிடித்தாள்.

"சார், அந்த மூடி எரியும் சார்."

மறுமுனையில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே மேனேஜரின் குரல், மிகவும் தணிவாக: "இது வேற யாருக்குத் தெரியும்?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.