எழுத்தாளரின் கதிரையில் நான்

சென்ற கிழமை என் கைப்பேசியின் கண்ணாடி வெடித்துவிட்டமையால், துறைமுகத்தை அண்டிய வீதியிலுள்ள பழுதுபார்க்கும் கடையொன்றுக்குச் சென்றிருந்தேன். திருத்துவதைவிடப் புதிது வாங்குவதே மலிவு என்றாயிற்று. கடைக்காரர் ஈயத்தை உருக்கி எதையோ ஒட்டிக்கொண்டே, "ஐயா, பழைய போனில கிடக்கிறதெல்லாத்தையும் புதுசுக்கு மாத்தித் தரவோ?" என்று வினவினார். பேணத்தக்கது எதுவும் அதில் இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கு நிம்மதிதான்" என்று சிரித்தார். எனக்கு நிம்மதி வரவில்லை. ஈயம் உருகும் அந்த மணம் என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது.

ஈயத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழாசிரியனாயிருந்த நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையின் மண்டபத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்த காலத்தில், மேடை நேர்காணலொன்றுக்குப் பயிற்றவேண்டிய என் மாணவர் அறுவரையும் அழைத்துக்கொண்டு ஆய்வுகூடத்தில் தஞ்சம் புகுந்தேன். ஒரு மூலையில் பௌதிகவியல் ஆசிரியர் ஈயத்தை உருக்கிப் பழைய வானொலிப் பெட்டிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார், மறுமூலையில் நாங்கள். பாடசாலை விழாவுக்கு மட்டக்களப்பிலிருந்து பெண் எழுத்தாளர் ஒருவர் வருவதாக இருந்தது. 'எழுத்தும் தொழில்நுட்பமும்' என்னும் பொருளில் மாணவர்கள் அவரை மேடையில் நேர்காணவேண்டும்.

ஒத்திகைக்கு நான் கையாண்ட முறையைச் சொன்னால் நகைப்பீர்கள். எழுத்தாளருக்கென ஒரு கதிரையை இட்டு, அதில் நானே அமர்ந்துகொள்வேன். மாணவர்கள் வினவ, நான் விடையிறுப்பேன். விடைகளை எத்துணை நயமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "தாளில் ஊன்றிய எழுதுகோலின்றி எழுத்துப் பிறவாது" என்று கண்களை மூடிக்கொண்டு சொன்ன நாளில், பௌதிகவியல் ஆசிரியர் வேலையை நிறுத்திவிட்டு, "ஐசே, அந்த மனுசி வரமுந்தியே நீர் புத்தகம் எழுதிப் போடுவீர் போல கிடக்கு" என்றார். அதைப் பாராட்டென்றே கொண்டேன்.

அறுவரில் ஒருத்தி நிரோஜினி. பாலையூற்றிலிருந்து பேருந்தில் வருபவள். துறைமுகத்துப் படகொன்றில் வேலை செய்த தமையனின் பழைய கைப்பேசியில் அவள் கதைகள் எழுதிவந்தாள். நேர்காணலுக்கென அவள் எழுதித் தந்த வினா இது: "போனில எழுதுறதும் எழுத்தோ?" அதைச் சிவப்பு மையால் வெட்டினேன். அன்று மாலை அவள் தயங்கித் தயங்கிக் கைப்பேசியை நீட்டினாள்.

"சேர், ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறீங்களோ?"

"தாளில எழுதிக்கொண்டு வாரும். வாசிக்கிறன்."

"ஏலாது சேர். வீட்டில சின்னதுகள் கொப்பியெல்லாத்தையும் கிழிச்சுப் போடுதுகள். பஸ்ஸில வரேக்கதான் எழுதுறனான்."

பாடசாலைக்குக் கைப்பேசி கொண்டுவருவது விதிமீறல். அதைக் காணாதவன்போல் இருந்துவிட்டதையே என் பெருந்தன்மை என்று கருதிக்கொண்டேன்.

விழா நாளும் வந்தது. முதல் வினாவுக்கே அந்த அம்மையார் சொன்னார்: "நான் இப்ப முழுக்கப் போனிலதான் எழுதுறனான். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போற நாளுகளில, அங்க வாங்கில குந்திக்கொண்டு எழுதினதுதான் கடைசிப் புத்தகம்."

அடுத்து எழுந்தவன் பிரசாந்தன், மனனத்தில் நிகரற்றவன். ஒத்திகையில் என் விடையைத் தொடர்ந்து கேட்டுப் பழகிய வினாவை ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்புவித்தான்: "தாங்கள் இப்போது கூறியவாறு, தாளில் ஊன்றிய எழுதுகோலின்றி எழுத்துப் பிறவாதாகையால், இளையோர்க்குத் தாங்கள் வழங்கும் அறிவுரை யாது?"

அம்மையார் அவன் பக்கம் திரும்பினார்.

"நான் எப்ப தம்பி அப்பிடிச் சொன்னனான்?"

பிரசாந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அருகிலிருந்த நிரோஜினி ஒலிவாங்கியைத் தன்பால் இழுத்துக்கொண்டாள். "நீங்கள் சொல்லேல்ல மிஸ். போன கிழமை எங்கட சேர் சொன்னவர்."

"ஓ! அப்ப நான் வரமுந்தியே பேட்டி முடிஞ்சுது."

எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? ஆனால் நிரோஜினி சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை விடாமல், நான் வெட்டிய வினாவைக் கேட்டேவிட்டாள். "மிஸ், நானும் போனிலதான் எழுதுறனான். அது எழுத்தோ?"

"ஆர் வாசிச்சது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எனக்கும் தெரியாது பிள்ளை. முதல்ல ஆருக்காவது வாசிக்கக் குடும். நீர் எதில எழுதினீர் எண்டதை விட்டிட்டு, அந்த ஆள் என்ன சொல்லுறார் எண்டு கேளும்."

விழா முடிந்ததும் எழுத்தாளரை அடுத்த கூட்டத்துக்கு ஏற்றிச் செல்ல வாகனம் காத்து நின்றது. நிரோஜினி நேரே என்னிடம்தான் வந்தாள். கைப்பேசியை மறுபடியும் நீட்டினாள். விருந்தினர்க்குத் தேநீர் போதுமா என்ற கவலையிலிருந்த நான், "திங்கட்கிழமை பாப்பம்" என்றேன். திங்கட்கிழமை வேறு வேலைகள் வந்தன. அதன்பின் தவணை விடுமுறை.

பல ஆண்டுகள் கழித்துக் குச்சவெளிப் பேருந்தில் அவளைக் கண்டேன். மடியில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் எழுதுகிறீரா என்றேன்.

"அந்த விடுமுறையிலயே அண்ணாட கையால போன் கடலுக்குள்ள விழுந்திட்டுது சேர். ஜெற்றியில வச்சு. மூண்டு கதையும் அதுக்குள்ளதான் கிடந்தது. பிறகு மனம் வரேல்ல."

தாளில் எழுதியிருந்தால் தப்பியிருக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். கதைகள் எதைப் பற்றியவை என்று கேட்டேன். அவற்றைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இப்ப ஏன் சேர்" என்று சிரித்துக்கொண்டே, குழந்தையைத் தோளில் சாய்த்து, இறங்கும் வாயிலை நோக்கி நடந்தாள்.

எங்கள் துறைமுகத்தின் ஆழத்தில் போன பொருளை எவரும் தேடுவதில்லை. அந்த மூன்று கதைகளுக்கும் வாசகர் என்று ஒருவரும் இருந்ததில்லை. இருந்திருக்கக்கூடிய ஒரேயொருவர், அன்றைக்குத் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றார்.