பனியூரில் நின்றுபோன பாய்லர்

மேல் வீட்டில் குடியிருந்த வெளிநாட்டம்மா ஒருநாள் காலையில் இறங்கி வந்து எங்கள் கொல்லையில் நின்றபோது, புகையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் பாய்லருக்குக் கீழே குந்தி உட்கார்ந்து மரச்சில்லுகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம். மலை இன்னும் பனிமூட்டத்துக்குள் இருந்தது. புகை மேலே போகாமல் அவர் வீட்டு ஜன்னலைச் சுற்றியே நின்றது.

"மன்னிச்சுக்கங்க, கதவைச் சாத்திக்குங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றேன்.

அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நெருப்புப் பக்கம் நீட்டினார்.

"அக்கா, இது எங்க வீட்டு வாசனை" என்றார்.

எங்கள் வீடு கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில். அரசு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. என் கணவரும் அவருடைய அண்ணனும் கீழ்பென்னாத்தூரில் சின்னதாக ஒரு ரைஸ் மில் நடத்துகிறார்கள். மூட்டையும் தவிடுமாக நின்றுவிட்டு வருகிற என் கணவருக்கு முதுகுவலி. சாயந்திரமும் காலையும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். கீசர் தண்ணீர் இரண்டு பக்கெட்டில் பச்சைத் தண்ணீராகிவிடும். அதனால்தான் அவர் இந்த விறகு பாய்லரை வாங்கிவந்து கொல்லையில் நிறுத்தினார். மரவாடியில் அறுக்கும்போது விழுகிற சில்லுகளைச் சாக்கில் கட்டி வாங்கிக்கொள்வோம். சட்டென்று பிடிக்கும், வேகமாக எரியும், கட்டை மாதிரி ஊதிக்கொண்டிருக்க வேண்டாம்.

மேல் வீட்டம்மாவுக்கு ஆஸ்திரியாவில் ஏதோ மலையோர ஊர். நாற்பதைத் தாண்டியவர். மலையைச் சுற்றவும் சும்மா உட்கார்ந்திருக்கவும் வந்து, குளிர்காலம் முழுக்க எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தார். தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். தெரியாத இடத்தில் ஆங்கிலத்தைப் போட்டு ஒட்டிக்கொள்வார். அன்றைக்குத் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஓர் அறை நிறைய மரச்சில்லு. அம்பாரம் அம்பாரமாக, கிட்டத்தட்ட கூரை வரை. அடுத்த படத்தில் பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதிலிருந்து சுவருக்குள் போகும் குழாய்கள்.

"இதுவும் பாய்லரா? எத்தினி பேரு குளிக்கிறதுக்கு?"

"குளிக்க கொஞ்சம்தான். வீட்டுக்கு ஜாஸ்தி."

"வீட்டைக் குளிப்பாட்டுவீங்களா?"

அவர் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டார். பிறகு விளக்கினார். பெட்டியில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போகும். ஜன்னலுக்குக் கீழே பட்டையான இரும்புப் பலகைகள் இருக்கும், அதற்குள் ஓடும். சூட்டை அங்கே விட்டுவிட்டு, ஆறிப்போய்ப் பெட்டிக்கே திரும்பும். மறுபடியும் சூடாகும், மறுபடியும் கிளம்பும்.

"அதே தண்ணியா?"

"அதே தண்ணி. கிரிவலம் மாதிரி, அக்கா. சுத்திச் சுத்தி வரும்."

எனக்கு அன்றைக்கு ஆபீசில் வேலையே ஓடவில்லை. பங்குனி வந்தால் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி வீட்டைக் குளிர வைக்கிறவர்கள் நாங்கள். வீட்டைச் சூடாக்குவதற்கென்று ஓர் இயந்திரம், அதற்கென்று ஓர் அறை, அதற்குத் தீனி போட ஒரு மலை சில்லு என்பதெல்லாம் என் புத்தியில் ஏறவே இல்லை. பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். "சித்திரையில இங்க வரச் சொல்லு, சில்லு செலவு மிச்சம்" என்றாள் அவள்.

அதன் பிறகு தினமும் காலையில் மேல் வீட்டம்மா காபி டம்ளரோடு பாய்லர் பக்கம் வந்துவிடுவார். நானும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பேன். சில்லை யார் அள்ளிப் போடுவார்கள்? யாருமில்லை, அறையின் அடியில் ஒரு திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவே கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு இழுத்துப்போகும். சாம்பல்? ஒரு பெட்டியில் விழும், அதை ரோஜாச் செடிக்குப் போடுவார்கள். ராத்திரி அணைத்துவிடுவீர்களா? கூடாது, அணைந்தால் குழாயில் தண்ணீர் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும்.

"தண்ணி எப்படிங்க இரும்பை வெடிக்க வைக்கும்?" என்று கேட்டேன். அவர் மாடிக்குப் போய், வாய்வரை தண்ணீர் ஊற்றி மூடிய ஒரு கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் அதைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டில் மேலிருந்து கீழே விரிசல் விட்டிருந்தது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்த ஐஸ் உருகும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஒரு சோதனை செய்தேன். தோட்டத்து ஹோஸ் பைப்பை ஹால் தரையில் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டு, பாய்லர் குழாயில் ஒரு முனையை மாட்டி வெந்நீரைத் திறந்துவிட்டேன். மறுமுனையை வாசல் பக்கம் பக்கெட்டில் விட்டேன். பைப் மேல் பாயை விரித்து உட்கார்ந்தேன். கால்மேல் கோழி உட்கார்ந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு ஏறிவந்தது. நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் துண்டோடு வந்து நின்றார். "நான் குளிக்கிற தண்ணி எங்கம்மா?"

"உங்க தண்ணி மேலதான் உக்காந்திருக்கேன்."

"பைத்தியம் புடிச்சிடுச்சு உனக்கு" என்றவர், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "தள்ளு" என்று தானும் வந்து உட்கார்ந்தார்.

பொங்கல் முடிந்த பிறகு அது நடந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அறுவடை நேரம் என்பதால் அவர் காலையில் மில்லுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தலையெல்லாம் உமித்தூசி. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மேல் வீட்டம்மா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடிவந்தார். கையில் போன். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அம்மா வீட்ல பாய்லர் நின்னுடுச்சு."

போன் திரையில் ஒரு வயதான அம்மா தெரிந்தார். வீட்டுக்குள்ளேயே தடிமனான கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. புகை இல்லை, மூச்சு. அவ்வளவு குளிர். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

மேல் வீட்டம்மா பதற்றத்தில் மூன்று மொழியில் சொன்னதை நான் கூட்டிப் புரிந்துகொண்டேன். முந்தின ராத்திரியே பாய்லர் நின்றிருக்கிறது. மெக்கானிக்குக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பனி விழுந்து ஊருக்குள் வரும் சாலை அடைபட்டுக் கிடக்கிறது. அவர் மறுநாள்தான் வர முடியும். அம்மாவோ தனியாள். "அப்பாதான் அதைப் பாத்துப்பார். எங்களை அந்த ரூம் உள்ள விடவே மாட்டார். அப்பா போய் இப்ப முதல் குளிர்காலம்" என்றார். அவர் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மெஷின் என்ன சொல்லுது?"

"சில்லு இல்லைனு சொல்லுது. ஆனா அம்மா கதவுல இருக்கற கண்ணாடி வழியா பாத்தாங்க. ரூம் ஃபுல்லா இருக்கு. மெஷின் பொய் சொல்லுது."

"அந்த ரூமைக் காட்டச் சொல்லுங்க" என்றேன். உதவி செய்யத் தெரிந்து சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னேன்.

அந்த அம்மா போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். படத்தில் பார்த்த அந்த இரும்புப் பெட்டி வந்தது, மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று படி ஏறினால் சுவரில் ஒரு சின்னக் கதவு. திறந்து போனை உள்ளே காட்டினார். சில்லு நிறையவே இருந்தது. மேலே சமமாக, பாய் விரித்த மாதிரி.

என் கணவர் எச்சில் கையோடு எழுந்து வந்து எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அது தூக்கிக்கிச்சு" என்றார்.

"என்னங்க?"

"ஈர நெல்லை ஹாப்பர் தொட்டியில கொட்டினா இப்படித்தான் நிக்கும். ஒண்ணோட ஒண்ணு புடிச்சிக்கிட்டு வளைவு கட்டிக்கும். மேல பாத்தா ரொம்பியிருக்கும், அடியில காலி. ஸ்க்ரூ சும்மா சுத்தும். நேத்துகூட மில்லுல ரெண்டு தடவை குத்தி விட்டோம். சில்லுல ஈரம் ஏறியிருக்கும், பாருங்க."

மேல் வீட்டம்மா அதை அம்மாவுக்கு ஜெர்மனில் சொன்னார். அந்த அம்மா திருப்பி ஏதோ கேட்டார்.

"அண்ணா பாய்லர் மெக்கானிக்கானு கேக்கறாங்க."

"இல்லைனு சொல்லுங்க. அரிசி மில்லு. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லிடுங்க. எது செஞ்சாலும் உள்ள மட்டும் கால் வைக்கக் கூடாது. மேல கெட்டியா தெரியும், ஏறினா ஆளை இழுத்துக்கும். மொதல்ல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் கதவுக்கு வெளியவே நின்னு நீட்டுக் கழியால குத்தணும்."

அந்த அம்மா போய் ஒரு கழியைத் தேடிக்கொண்டு வந்தார். ஆப்பிள் பறிக்கிற கழியாம், அவர் வீட்டுக்காரருடையது. போனை எங்கேயோ சாய்த்து வைத்தார். அவர் முதுகும் கதவும் மட்டும் தெரிந்தன. குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை. கழி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தெடுத்து, மூச்சு வாங்கி, கோட்டைக் கழற்றிப் போட்டார்.

"நடுவுல வேணாம். செவுத்து ஓரமா குத்தச் சொல்லுங்க" என்றார் என் கணவர். பிசைந்த சோறு அவர் விரலில் காய்ந்துகொண்டிருந்தது.

மேல் வீட்டம்மா சொல்லச் சொல்ல, அவர் ஓரமாகச் சாய்த்துக் குத்தினார். இரண்டு குத்து, மூன்று குத்து. திடீரென்று லாரியில் மணல் கொட்டுகிற சத்தம். திரை முழுக்கத் தூசி. அந்த அம்மா வீல் என்று கத்தினார். மேல் வீட்டம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நசுங்கியது. "மாமா! மாமா!" என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அம்மாவை அப்படித்தான் அழைப்பார்களாம். என் கணவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

தூசி அடங்கியது. அந்த அம்மா கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார், தொப்பியெல்லாம் மரத்தூள். போனைத் தூக்கி உள்ளே காட்டினார். சமமாக இருந்த இடத்தில் இப்போது கிணறு மாதிரி ஒரு பள்ளம். அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கதவைப் பூட்டி, மெயினைப் போட்டு, மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினார். கரகரவென்று திருகு சுற்றியது. பிறகு காற்று ஊதும் சத்தம். நாங்கள் மூவரும் ஃபேனுக்கு அடியில் வேர்வையோடு உட்கார்ந்து, எங்கேயோ ஒரு பனியூரில் நெருப்புப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. மேல் வீட்டம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீடு உடனே சூடாகிவிடவில்லை. தண்ணீர் சூடாக வேண்டும், பிறகு சுற்றி வர வேண்டும். அதுவரை போனைத் துண்டிக்க வேண்டாம் என்று மேல் வீட்டம்மா சொல்லிவிட்டார். அந்த அம்மா சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த இரும்புப் பலகை மேல் போனை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் மகளும் ஏதேதோ பேசினார்கள். நடுநடுவே மேல் வீட்டம்மா எனக்கும் சொன்னார். அப்பா அந்த அறைக்குள் போனால் விசில் அடித்துக்கொண்டே இருப்பாராம். இத்தனை நாள் அம்மாவுக்கு அந்தக் கதவைத் திறக்கவே மனசு வரவில்லையாம்.

கொஞ்ச நேரத்தில் போனிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. இரும்பு சூடேறி விரிகிற சத்தம். பிறகு உள்ளே தண்ணீர் களகளவென்று ஓடியது. நான் போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டேன். எத்தனையோ நாளாகக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் ஒரு பக்கம், அந்தச் சத்தம் ஒரு பக்கம்.

"இப்ப தொட்டா எப்படி இருக்கும்னு கேளுங்க" என்றேன்.

அந்த அம்மா பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். மேல் வீட்டம்மா தமிழில் வார்த்தை கிடைக்காமல் திணறினார். "ரொட்டி... அடுப்புல இருந்து எடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு" என்றார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தாராம். சில்லு அறைக் கூரையில் ஓர் ஓடு நகர்ந்து, உருகிய பனி உள்ளே சொட்டியிருக்கிறது. ஓட்டைச் சரிசெய்து, ஈரச் சில்லை வாரி வெளியே போட்டார்கள். மேல் வீட்டம்மா மாசி பிறப்பதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார். வெயிலுக்குப் பயந்து இல்லை. மெக்கானிக் அடுத்த முறை வரும்போது பக்கத்தில் நின்று அந்த இயந்திரத்தைத் தானும் அம்மாவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பஸ் ஏற்றிவிடப் போனபோது என் கணவரிடம், "அண்ணா, ஒருதடவை வந்து எங்க ஹாப்பரைப் பாருங்க" என்றார்.

"முதுகு வலிக்கு அந்தக் குளிர் ஒத்துக்குமா?" என்று இவர் கேட்டார்.

"வீட்டுக்குள்ள குளிராது அண்ணா" என்றார் அவர், ரொம்பப் பெருமையாக.