நிற்பதற்குக் கிடைத்த நேரம்

இத்தாலியில் பலேர்மோவுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். (உயர்தர) மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பித்தேன். இங்கே நானும் கணவரும் சிஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரே எசமானியின் வீட்டில் வேலை செய்தோம். நான் சமையல், துப்புரவு, அவர் தோட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவிலிருந்து அவர் ஓட்ட, நான் பின்னால் இருக்க, ஸ்கூட்டரில் வேலைக்குப் புறப்பட்டோம். அந்த நாளில் ஹெல்மெட் போடுகிற பழக்கம் எங்களுக்கில்லை. பல்லரோ சந்தைக்குக் கிட்ட ஒரு சின்ன லொறி ஒழுங்கைக்குள்ளிருந்து குறுக்கே வந்தது. ஸ்கூட்டர் அதில் மோதி நின்றது. நான் நிற்கவில்லை. பக்கவாட்டில் தூக்கி வீசப்பட்டு, மீன்கடைக்காரர் அடுக்கியிருந்த வெறும் ரெஜிபோம் நுரைப் பெட்டிகளுக்குள் விழுந்தேன். அவை ஒவ்வொன்றாக நொறுங்கின. என் கணவரின் தலை லொறியின் இரும்பு விளிம்பில் பட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். என் கையில் ஒரு சிராய்ப்புத்தான். மீன்கடைக்காரர் தன் ஏப்ரனைக் கழற்றி அவர் முகத்தை மூடினார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. மீன் வாடை உடுப்பில் ஏறிவிட்டதே, வேலைக்கு எப்படிப் போவது என்று யோசித்தது ஞாபகம்.

பின்னேரம் பாரிசிலிருந்து கணவரின் தம்பி தொலைபேசி எடுத்தார்.

“அண்ணி, அண்ணை வேகமாவே ஓடினவர்?”

“இல்லை. மெதுவாத்தான்.”

“அப்ப எப்பிடி அண்ணி? உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லுகினம்.”

“ரெண்டு பேரும் ஒரே வேகத்திலைதான் போனனாங்கள். நிறையிலையும் பெரிய வித்தியாசமில்லை. உந்தம் ஒண்டுதான், கணத்தாக்கும் ஒண்டுதான். பெட்டியள் நொறுங்கினபடியால் எனக்கு நிக்கிறதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சது. அவருக்குக் கிடைக்கேல்லை. நேரம் குறைஞ்சால் விசை கூடும்.”

தம்பி கேட்டார்.

“அண்ணி, நீங்கள் வகுப்பிலையே நிக்கிறியள்?”

“இல்லை. வீட்டிலைதான்.”

அவர் விம்முவது கேட்டது. நான் சொன்னதில் பிழையேதும் இருக்கவில்லை.

அன்று இரவு பக்கத்து வீட்டு மன்னார் அக்கா சோறும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்தா. “கொஞ்சமெண்டாலும் சாப்பிடும், பிள்ளை” என்று கெஞ்ச ஆயத்தமாக வந்தவ. பசித்தது, முழுவதையும் சாப்பிட்டேன். “இன்னும் சொதி இருக்கோ அக்கா?” என்று கேட்டேன். அவ என்னையே பார்த்தபடி, “ஓம், இருக்கு. கொண்டு வாறன்” என்று எழுந்து போனா.