அப்பன் ரத்தம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். நடவிலிருந்து அப்படியே வந்த ஒரு அம்மா, காலில் காயாத சேற்றோடு, சர்க்கரை பார்க்கணும் என்று கையை நீட்டினார். ஊசி குத்தினால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் குனிந்து, குழாயில் ஏறும் ரத்தத்தையே உற்றுப் பார்த்தார்.

“ரத்தத்துல திருட்டு தெரியுமா சார்?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பம்புசெட் மோட்டார் திருடிய புருஷன் ஜெயிலில். ஊரில் எது காணாமல் போனாலும் போலீஸ் மகனைத்தான் இழுத்துப் போகிறதாம்.

“அப்பன் ரத்தம் எங்க போவும்னு சொல்லி அடிக்கிறாங்கோ. இல்லன்னு எழுதிக் குடு சார்.”

“அதுக்கு டெஸ்டே கிடையாதும்மா. எந்த லேபுலயும் தெரியாது.”

“அப்ப டேசன்ல மட்டும் எப்பிடித் தெரியுது?”

பஞ்சை வைத்து அழுத்தினேன். எந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களோ!

அவர் குரலைத் தாழ்த்தினார். “அவன் எம்புருசனுக்கே பொறக்கலன்னு எழுதிடு சார். எம்பேரு நாறினா நாறட்டும். புள்ள இப்பக்கூட டேசன்லதான் கீறான்.”

பொய் எழுத முடியாது என்றேன். எழுந்து போய்விட்டார்.

ரிப்போர்ட்டை வாங்க அவர் வரவே இல்லை. அது என் மேசையில் கிடக்கிறது. சர்க்கரை சரியாக இருந்தது. ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.