மாடிப்படியா, அலையோசையா

போர்ட் பிளேரில் நான் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, அலையோசை கேட்டால் இதயத்துடிப்பு கூடுகிறது என்று எங்கள் சோதனை காட்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சோதனைக்கு வந்தவர்களில் பலர் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெரி படகு பிடித்து, எங்கள் ஆய்வகத்துக்கு மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க உட்கார்ந்தவர்கள். உட்கார்ந்ததுமே அலையோசையை ஒலிக்கவிட்டு அளந்தோம். அமைதியில் அளந்தது அதற்குப் பிறகுதான்.

“சார், இன்னொரு வாட்டி செஞ்சு பார்த்திடலாமா?”

“ரிசல்ட் டீக் ஹை, சரியாத்தான் இருக்கு. பேப்பரே எழுதியாச்சு, எதுக்கும்மா திரும்ப?” என்றார் பேராசிரியர். அந்த அவசரம் என் சந்தேகத்தை வளர்த்தது.

கெஞ்சி அனுமதி வாங்கினேன். இம்முறை புதிதாக வந்தவர்களை அரைமணி நேரம் ஓய்வெடுக்க வைத்தேன். பாதிப்பேருக்கு அமைதியில் முதலில் அளந்தேன், மீதிப்பேருக்கு அலையோசையில். அலையோசைக்கு யாருடைய துடிப்பும் கூடவில்லை.

பேராசிரியர் பழைய சோதனை, புதிய சோதனை இரண்டின் வரைபடங்களையும் வெகுநேரம் பார்த்தார். “பேப்பரை இன்னும் அனுப்பல, நல்லவேளை” என்றார். அதன்பின் ஒரு வாரம் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.