ஏழாவது ஆள் சோறு

சோலைமுத்துவைத் திருத்தவே முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன். அரபு நாட்டில், முசஃபா லேபர் கேம்பில் என் ரூம்காரன். சைட்டில் சாரம் கட்டுகிறவன். நாற்பதடி உயரத்தில் நின்றால்தான் அவனுக்குச் சிரிப்பே வரும். தரையில் அரை நாள் நிறுத்தினால் முகம் தொங்கிப்போகும்.

அப்படிப்பட்டவனை எடை பார்த்தார் சேஃப்டி ஆபீசர் அஹ்சன். நூற்று நான்கு கிலோ!

"பாய், பெல்ட் சௌ கிலோ தக். தீன் மஹினா டைம். நஹி தோ ஸ்டோர் டியூட்டி, கலாஸ்."

உயரத்தில் மாட்டுகிற பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்குமாம். மூன்று மாதத்தில் நூறுக்குள் இறங்காவிட்டால் மேலே ஏற முடியாது. கீழே ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்டு எண்ண வேண்டியதுதான்.

அன்றைக்கே ரூமில் அறிவித்தான். "இனிமே சமையல் முறை மொத்தமும் எனக்கு. நான் திங்கிறதத்தான் எல்லாரும் திங்கணும்."

ஆறு பேர் முறை வைத்துச் சமைக்கிற ரூம். அடப்பாவி, லீவு நாள் பொரித்த கோழியும் போச்சு! கம்பு, கொள்ளு, பாகற்காய், தேங்காய் போடாத மீன் குழம்பு. உண்மையில் அந்தக் குழம்பு பிரமாதம். அவனிடம் நான் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எங்கள் ஐவருக்கும் தொப்பை வற்றியிருந்தது. அவன் மட்டும் நூற்றைந்து.

"கஃபட்டீரியாவுல பரோட்டா அடிச்சியா? உண்மையச் சொல்லு!"

"சத்தியமா இல்லப்பா." அழுதுவிடுவான் போலிருந்தது.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கிச்சனுக்குப் போனபோது குட்டு உடைந்தது. பக்கத்து ரூமிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள் என்று ஓர் ஆளுக்குக் கூடுதலாகவே உலை வைப்பது எங்கள் கேம்பில் வழக்கம். பாகற்காய்க்குப் பயந்து ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சோற்றை நின்றபடியே வழித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏண்டா?"

"சோத்தக் கொட்டச் சொல்றியா?"

"அப்பக் கொறச்சு வையேன்!"

"யாராச்சும் வந்துட்டா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் பிடுங்கி எறிந்தேன். அன்று முதல் டியூட்டி முடிந்ததும் எனக்கு இன்னொரு டியூட்டி: கேம்பெல்லாம் அலைந்து ஏழாவது ஆளைப் பிடித்து வருவது. வெல்டர் உமாபதியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "பாகக்கான்னா நான் மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டவன், மீன் குழம்பைக் கண்டபின் மீன் வைக்கிற நாளெல்லாம் தானாகவே தட்டோடு வந்தான். மற்ற நாட்களுக்கு நான் கெஞ்சாத ஆளில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் சைட்டிலேயே எடை பார்த்தார் அஹ்சன். சோலைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். தொண்ணூற்றொன்பதரை!

"யல்லா, ஊபர் ஜாவ்!" என்று மேலே கை காட்டினார்.

பெல்ட்டை மாட்டினான், திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறிப்போனான். இரண்டு மாதம் நாயாய் அலைந்தவன் நான், ஒரு வார்த்தை சொன்னானா? கோபமாகத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பாழாய்ப்போன கண் கலங்கிவிட்டது.

உச்சியிலிருந்து குரல் வந்தது.

"டேய்! இன்னைக்கு யாரையும் கூப்பிட்டுத் தொலைக்காத! அந்த ஏழாவது ஆளு நாந்தான்!"