எறும்பு தூங்குமா என்று கேட்டவள்

அன்னூர் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஒருத்திதான் ஆசிரியை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் இரண்டாம் வகுப்பு யாழினி எழுந்து, "டீச்சர், எறும்பு தூங்குமுங்களா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "பாடத்துல இருக்கறத மட்டும் கேளு" என்று அதட்டி உட்காரவைத்தேன். அதன்பிறகு அவள் எதுவுமே கேட்கவில்லை. மெல்ல மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அமைதியை ஒழுக்கம் என்று நினைத்தேன்.

மாதக் கடைசியில் அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தார். திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது.

"பாப்பா தெனமும் எறும்புப் புத்துக்கிட்டவே உக்காந்துக்குதுங்க. கேட்டா, 'டீச்சருக்குத் தெரியாதும்மா, பாத்துச் சொல்லோணும்'ங்குது" என்றார்.

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யாழினியிடம் குனிந்து, "என்ன கண்ணு பாத்தே?" என்றேன்.

"இன்னும் பாத்து முடிக்கலீங்க டீச்சர்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், "எறும்பு தூங்குமான்னு எனக்குத் தெரியாது, சேந்து பாக்கலாம்" என்றேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள்.

சொல்ல வேண்டியவளிடம் மட்டும் 'எனக்குத் தெரியாது' என்று நான் சொல்லவே இல்லை.